இரண்டு தரத்தோடு நின்ற குரல்

திரையின் அடியில் பச்சைக் கோடு கிட்டத்தட்ட கடைசிவரை ஒழுங்காகத்தான் நகர்ந்தது. அப்புறம் ஒரு கணம் தயங்கியது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் விசிறியின் இரைச்சல் ஏறியது. அடுத்த நொடி எடிட்டிங் மென்பொருள் இருந்த சுவடே இல்லாமல் மறைந்துவிட்டது. வெறும் திரையின் பின்னணிப் படத்தில் ஸ்லோமோவின் மகள், முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போச்சா மாமா?" என்றான் மச்சினன், கேமரா பையிலிருந்து தலையைத் தூக்காமலே.

"போச்சு."

"அதே இடமா?"

"அதே இடம்தான். அந்த இடத்துல பேய் உக்காந்திருக்கு."

ஸ்லோமோ என்பது அவனுக்கு ஊர் வைத்த பெயர். கல்யாண வீடியோவில் யார் படியேறினாலும், யார் தலையைத் திருப்பினாலும், அதை அவன் மெதுவாக ஓடவிட்டுவிடுவான். 'இவன் எடுத்த வீடியோவில மணப்பொண்ணு படியேறி முடிக்கிறதுக்குள்ள முதல் குழந்தை பிறந்துடும்' என்று யாரோ சொன்னதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவனும் அதையே கடைப் பலகையில் எழுதிவிட்டான். கடை என்பது வீட்டு மாடியில் ஓர் அறை. இரண்டு திரைகள், வெளிச்சம் வராமல் கறுப்புத் துணி போட்ட ஜன்னல், வாடிக்கையாளர் உட்கார ஒரு பழைய சோபா. படம் பிடிப்பது மனைவியின் தம்பி. வெட்டி ஒட்டுவது இவன்.

வெட்டி ஒட்டிய துண்டுகளையெல்லாம் ஒரே படமாகக் கோத்துத் தருவதுதான் ரெண்டர். அதை மென்பொருள் தானே செய்துகொள்ளும், மனுஷன் டீ குடித்துக்கொண்டிருந்தால் போதும். காலையிலிருந்து ஸ்லோமோவுக்குக் குடித்த டீ தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. தற்காலிகக் கோப்புகளை அழித்துப் பார்த்தான். கிராபிக்ஸ் கார்டின் டிரைவரைப் புதிதாக்கினான், பிறகு பழையதற்கே திரும்பினான். மென்பொருளைக் கழற்றி மறுபடி நிறுவினான். சூடு ஏறுகிறதோ என்று கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, படுக்கையறை மேஜைவிசிறியைக் கொண்டுவந்து அதன் முகத்துக்கு நேரே வைத்தான்.

"எனக்கு ஒருநாள் இப்படி விசிறி போட்டதுண்டா?" என்று மனைவி வாசலில் நின்று கேட்டாள்.

"நீ சூடானா அணைச்சுட்டு மறுபடி போட முடியாதும்மா."

அவள் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் அவங்க வர்றாங்க, ஞாபகம் இருக்கில்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

மறந்தால்தானே ஞாபகப்படுத்த. அவங்க என்றால் ஏலக்காரரும் அவர் மனைவியும். மறுநாள் அவர்களுடைய ஒரே மகளுக்குக் கல்யாண வரவேற்பு. மண்டபத்தில் பெரிய திரை கட்டி, மகள் பிறந்ததிலிருந்து வளர்ந்தது வரைக்குமான படத்தை ஓட்டுவதாக ஏற்பாடு. அந்தப் படத்தின் கடைசியில் அப்பா பேசுவார். அது மகளுக்கே தெரியாது.

காய்கறிச் சந்தையில் விடியற்காலை ஏலம் விடுபவர் அவர். தக்காளிக் கூடையோ வெங்காய மூட்டையோ, அவர் வாயால் போனால்தான் விலை. மைக் வைத்துக் கொடுத்தபோது அதைத் தள்ளிவிட்டு, "இதுக்கும் சேர்த்து ஏலம் விடவா?" என்றவர். 'ஒரு தரம்' என்று இழுப்பார். 'ரெண்டு தரம்' என்று கூட்டத்தைச் சுற்றிப் பார்ப்பார். 'மூணு தரம்' என்கிறபோது வலது கை இடது உள்ளங்கையில் பட்டாசு மாதிரி விழும். அந்த அடி விழுந்தபிறகு சரக்குக்காரன் கண்ணீர் விட்டாலும் பேச்சை மாற்றமாட்டார்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல் மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம் என்றார்கள் மருத்துவர்கள். அறுவைசிகிச்சைக்கு முன்னால், மகள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஸ்லோமோவையும் மச்சினனையும் வீட்டுக்கு அழைத்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்து பேசினார். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனார். குரல் மிஞ்சவில்லை. கழுத்தில் ஒரு துளையும் அதை மறைக்க ஒரு துணியும்தான் மிஞ்சின. எழுதினால் படித்துச் சொல்லும் ஒரு செயலியை மகள் அவர் போனில் போட்டுக்கொடுத்தாள். அது ஓர் இளம்பெண் குரலில் 'எனக்குப் பசிக்கிறது' என்று குழைந்தது. அன்றைக்கே அதை அணைத்துவிட்டார்.

ஆக, அவர் மகளுக்குப் பேசி வைத்தது அந்தப் பதிவு ஒன்றுதான். இனிப் பேசப்போவதில்லை.

"பாதி பாதியா வெட்டிப் பாத்துடலாம்" என்றான் ஸ்லோமோ.

எங்கே முட்டுகிறது என்று தெரியாதபோது செய்கிற வேலை அது. படத்தை இரண்டாகப் பிரித்து முன்பாதியை மட்டும் ரெண்டர் செய்தான். பிரச்சினையில்லாமல் வந்தது. பின்பாதி விழுந்தது. பின்பாதியை இரண்டாக்கினான். குற்றவாளி ஒவ்வொரு வீடாகத் தாண்டித் தாண்டிக் கடைசியில் ஒரு வாசலில் வந்து நின்றான். அது ஏலக்காரர் பேசும் துண்டு.

"அது நல்லாத்தானே ஓடுது" என்றான் மச்சினன். ஓடவிட்டும் காட்டினான். திரையில் ஏலக்காரர் கொஞ்சம் மங்கலாக, கொஞ்சம் தூரத்துக் குரலில், முழுசாகப் பேசி முடித்தார்.

"இது சின்னப் பிரதிடா."

அந்தக் கேமரா ஒரே நேரத்தில் இரண்டு பிரதி எழுதும். ஒன்று பெரியது. முகத்தின் மயிர்க்கால்கூடத் தெரியும், சட்டையில் குத்திய குட்டி மைக்கின் ஒலியும் அதில்தான் இருக்கும். இன்னொன்று சின்னது. கேமராவின் சொந்த மைக்கில் விழுந்த ஒலியோடு, பழைய கம்ப்யூட்டரும் திணறாமல் வெட்டி ஒட்டுவதற்காக. வேலையெல்லாம் சின்னதில் நடக்கும். ரெண்டர் செய்யும்போது மென்பொருள் பெரியதைத் தேடி எடுத்து அந்த இடத்தில் வைக்கும். அப்போது படமும் குரலும் பளிச்சென்று ஆகிவிடும் என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற விஷயம்.

ஸ்லோமோ பெரிய பிரதியைத் திறந்தான்.

ஏலக்காரர் கூர்மையாக, ஈரம் தெரியும் கண்களோடு, அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர் போலத் தெரிந்தார். "கண்ணு, அப்பா உனக்கு என்ன சொல்றதுன்னு ராத்திரி பூரா யோசிச்சேன்" என்று குரல் காதுக்குள் விழுந்தது. பேசிக்கொண்டே போனார். "சந்தோஷமா இரு. ஒரு தரம்..." என்றபோது முகம் பச்சைச் சதுரங்களாக உடைந்தது. பாதி வாய் திறந்தபடி நின்றது. பிறகு ஓட்டும் மென்பொருளும் மறைந்துபோனது.

மச்சினன் எழுந்து நின்றுவிட்டான்.

"காப்பி பண்ணும்போது ஹார்ட் டிஸ்க் கேபிளை ஆட்டினியா?"

"இல்ல மாமா. அந்தக் கேபிள்... அதுவே லூசுதானே. ரப்பர் பேண்ட் போட்டுத்தானே வச்சிருக்கோம். நடுவுல ஒரு தடவை டிஸ்க் காணாம போச்சு. மறுபடி சொருகினேன், தொடர்ந்துச்சு. ஃபைல் அளவு சரியா இருந்துச்சு."

"அளவு சரியா இருந்துச்சு! சவத்துக்கும்தான் அளவு சரியா இருக்கும்! மெமரி கார்டு எங்க?"

"அதுல பள்ளிக்கூட விளையாட்டு விழா எடுத்துட்டேனே."

ஸ்லோமோ அவனைப் பிடித்துக்கொண்டான். அக்கறை இல்லாதவன், அவசரக்குடுக்கை, உன்னை நம்பி ஒரு வேலை கொடுத்தேனே என்று மூச்சுவிடாமல் கொட்டினான். மச்சினன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். கடைசியில் மெதுவாக, "நீங்க 'சரி' சொன்னப்புறம்தான் மாமா அழிச்சேன்" என்றான்.



அந்தக் கடையின் சட்டம் அது. அவனே போட்டது. எடிட்டர் பார்த்து 'சரி' என்று சொல்லாமல் எந்தக் கார்டையும் அழிக்கக் கூடாது. மற்ற ஸ்டூடியோக்காரர்களிடம்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். அன்றைக்கும் பார்த்தான்தான். சின்னப் பிரதி முழுசாக ஓடியது. கையில் சோற்றுத் தட்டோடு நின்றுகொண்டே 'சரிடா' என்றான். பெரியதைத் திறந்து பார்க்கவில்லை.

கார்டிலிருந்து அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றையும் ஓட்டிப் பார்த்தார்கள். அது ஆர்வமாகத் தோண்டி, சாக்குக்குள் காலை விட்டுக்கொண்டு குதிக்கும் பிள்ளைகளை மீட்டுக் கொடுத்தது.

"என்கிட்ட ஒரு யோசனை இருக்கு" என்றான் மச்சினன். "திட்டாதீங்க."

"சொல்லித் தொலை."

"பெரிய பிரதியில பாதி நல்லா இருக்கில்ல? அந்தக் குரலைக் கொடுத்தா அதே மாதிரி பேசற மென்பொருள் இருக்கு. மீதி வார்த்தைய டைப் பண்ணிட்டா போதும். அந்த இடத்துல முகத்துக்குப் பதிலா அப்பாவும் பொண்ணும் இருக்கிற பழைய போட்டோவைப் போட்டுடலாம். யாருக்கும் தெரியாது."

ஸ்லோமோ வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே போய் முகம் கழுவினான். மனைவி சாப்பிடக் கூப்பிட்டதற்குத் தலையாட்டிவிட்டு, சாப்பிடாமலே திரும்பினான். அதற்குள் மச்சினன் மடிக்கணினியில் வேலையை முடித்துவிட்டான்.

"கேளுங்க."

"சந்தோஷமா இரு. ஒரு தரம். சந்தோஷமா இரு. ரெண்டு தரம். சந்தோஷமா இரு. மூணு தரம்."

அதே கரகரப்பு. 'தரம்' என்பதை இழுத்து விடும் அதே இழுப்பு. ஸ்லோமோவின் கை மயிர்கள் குத்திட்டு நின்றன. ஒரு கணம் அவனுக்கு வந்தது நிம்மதிதான். தப்பித்தோம் என்று தோன்றிய அந்த நிம்மதியை நினைத்து அடுத்த கணமே கூசிப்போனான்.

"கடைசியில அவர் இப்படிச் சொல்லலியேடா."

"தெரியும் மாமா. நானும்தானே அங்க இருந்தேன். 'ரெண்டு தரம்'னு நிறுத்திட்டு, 'மூணாவது தரம் அப்பா குணமாகி வந்து மண்டபத்துல நேர்ல சொல்றேன்'னு சொன்னார். இப்ப அதை எப்படிப் போடறது? பேச முடியாத மனுஷன் முன் வரிசையில உக்காந்திருக்க, திரையில நேர்ல வந்து சொல்றேன்னு சொன்னா... சபையே அழுதுடும். அதான் நானே முடிச்சு வச்சுட்டேன்."

அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் ஸ்லோமோவை அதிகம் கலங்கடித்தது. சின்னப் பிரதியை வைத்து வேலை செய்த நாளெல்லாம் அந்தக் கடைசி வரி இவனையும் உறுத்தியது. வெட்டிவிடலாமா என்று கத்திரியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எடுத்திருக்கிறான்.

"வேணாம். அழிச்சுடு."

"அப்ப என்ன பண்ணப் போறீங்க? மங்கலான படத்தைப் போட்டு மானத்தை வாங்கப் போறீங்களா?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "வாங்கம்மா, பாத்து ஏறுங்க" என்ற மனைவியின் குரலும் பின்னாலேயே வந்தது.

ஏலக்காரர் இளைத்திருந்தார். சட்டையின் கழுத்துப்பட்டைக்கு மேலே வெள்ளைத் துணி. சோபாவில் உட்கார்ந்து, கையை விரித்து, 'ஆகட்டும்' என்று சைகை செய்தார். அவர் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "பொண்ணுகிட்ட ஜவுளிக்கடைக்குப் போறோம்னு பொய் சொல்லிட்டு வந்தோம் தம்பி. சீக்கிரம் போட்டுக் காமிங்க" என்றார்.

ஸ்லோமோ நின்றுகொண்டே சொன்னான். பெரிய பிரதி, சின்னப் பிரதி, கேபிள், கார்டு. சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்ன விஷயமாக ஒலிக்கிறது என்று அவனுக்கே நாக்குக் கூசியது. "தப்பு என்னோடது ஐயா. பாக்காம 'சரி' சொன்னது நான்தான்" என்று முடித்தான்.

அம்மாள் கணவரைப் பார்த்தார். ஏலக்காரர் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"ஒண்ணுமே இல்லையா தம்பி?"

"இருக்கும்மா. படம் மங்கலா இருக்கும், குரல் தூரத்துல கேக்கும். ஆனா முழுசா இருக்கு."

"நல்ல குரலும் இருக்கு!" மச்சினனால் அடக்க முடியவில்லை. ஸ்லோமோ கையைப் பிடிப்பதற்குள் மடிக்கணினியைத் தட்டிவிட்டான்.

"...ரெண்டு தரம். சந்தோஷமா இரு. மூணு தரம்."

அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டார். சத்தமில்லாமல் தோள்கள் குலுங்கின. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் குரல்.

அவர் கோபப்படுவார் என்று ஸ்லோமோ நினைத்திருந்தான். ஏலக்காரரோ முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, ஒரு விரலைச் சுழற்றிக் காட்டினார். இன்னொரு முறை. மச்சினன் போட்டான். கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி விரல் சுழன்றது. முகத்தில் பசி மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. பிறகு போனை எடுத்து நிதானமாக எழுதி ஸ்லோமோவிடம் நீட்டினார்.

'இத நான் எப்ப சொன்னேன்?'

மச்சினன் தரையைப் பார்த்தான்.

"நீங்க சொல்லல ஐயா" என்றான் ஸ்லோமோ. "உங்க குரலை வச்சு மெஷின் சொல்லுச்சு."

அவர் போனைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அம்மாள்தான் பேசினார். "இருந்துட்டுப் போகட்டுமேங்க. அப்படியே உங்க குரலாத்தான் இருக்கு. குழந்தை ஒரு தடவை கேட்டுக்கட்டுமே. நேர்ல சொல்றேன்னு சொன்னீங்களே, அதை எப்படி இப்ப..."

ஏலக்காரர் மனைவியின் கையைத் தட்டிக் கொடுத்தார். பிறகு எழுதினார். இந்த முறை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி போனைத் திருப்பிப் பிடித்தார்.

'அழிச்சுடு. மூணாவது தரம் இன்னும் விடல.'

மச்சினன் அழித்தான். குப்பைத் தொட்டியையும் காலி செய்து, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான்.

ஸ்லோமோ சின்னப் பிரதியை ஓடவிட்டான். மங்கலான அறை, மங்கலான சட்டை. தூரத்துக் குரல். குட்டி மைக்கில் கேட்டிராத சத்தங்கள் எல்லாம் கேமராவின் மைக்கில் விழுந்திருந்தன. தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. ஸ்லோமோவின் குரலே "கொஞ்சம் நிமிந்து உக்காருங்க ஐயா" என்றது. "சந்தோஷமா இரு. ஒரு தரம்" என்று அவர் சொன்னதும், கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"ஐயோ, அது நான்" என்றார் அம்மாள்.

"ரெண்டு தரம்" என்றது திரை. ஏலக்காரர் அங்கே கூட்டத்தைத் தேடுவது போல அறையைச் சுற்றிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "மூணாவது தரம் அப்பா குணமாகி வந்து மண்டபத்துல நேர்ல சொல்றேன். அம்மாவை அழாம இருக்கச் சொல்லு."

படம் முடிந்தது. அந்தக் கடைசி வரியை வெட்டட்டுமா என்று ஸ்லோமோ கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. ஏலக்காரரே தலையை ஒரு முறை அசைத்தார். இருக்கட்டும்.

"அப்ப நாளைக்கு எல்லாரும் உங்களையே பாப்பாங்களேங்க" என்று அம்மாள் பதறினார். "என்ன பண்ணுவீங்க?"

அவர் திரையைக் கைகாட்டினார், ஆகட்டும் என்று.

ஸ்லோமோ பெரிய பிரதியின் பெயரை மாற்றி வேறு ஃபோல்டரில் போட்டான். மென்பொருளுக்கு அது கண்ணில் படவே கூடாது. அந்த இடத்தில் சின்னதையே பெரியதாக நம்பவைத்து, ரெண்டரை அழுத்தினான். பச்சைக் கோடு கிளம்பியது. குழந்தை தவழ்ந்த படங்கள், பள்ளிச் சீருடை, சந்தையில் தக்காளிக் கூடைமேல் உட்கார்ந்த பாவாடைச் சிறுமி எல்லாம் சின்னச் சதுரத்துக்குள் ஓடி மறைந்தன. அம்மாள் கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தார். மச்சினன் சுவரோரமாக நின்று, இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டான்.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால். கோடு தயங்கியது. விசிறி இரைந்தது.

கோடு நகர்ந்தது.

"தாண்டிடுச்சு மாமா" என்று மச்சினன் கிசுகிசுத்தான். ஸ்லோமோ தலையாட்டினான். தாண்டியது படம்தான். நாளைக்கு அந்த மண்டபத்தில், படம் முடிந்து விளக்குகள் எரியும்போது, மனுஷன் என்ன செய்வார்? மகள் மேடையிலிருந்து அவரைத் தேடுவாளே. மெஷின் சொன்னது அழியாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதை அவன் விரட்டவில்லை. விரட்டினாலும் போயிருக்காது.

இரண்டாவது திரை அணைந்து கறுப்பாக இருந்தது. ஏலக்காரர் அதற்கு நேரே நகர்ந்து உட்கார்ந்து, அதில் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துத் துணியைச் சரி செய்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. சந்தோஷமா இரு என்று சொன்னது பார்க்கும் யாருக்கும் விளங்கும். துணிக்கு அடியில் காற்று சீறியது. சத்தம் வரவில்லை. நிறுத்தினார். மறுபடி உதடுகளை இன்னும் அகலமாக, தூரத்து வரிசைக்கும் தெரிகிற மாதிரி அசைத்துப் பார்த்தார்.

பிறகு இடது உள்ளங்கையை விரித்து, வலது கையை மேலே தூக்கினார். அம்மாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் கை இறங்கவில்லை. அப்படியே அந்தரத்தில் நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு சத்தமும் எழாமல் மடிமேல் வைத்துக்கொண்டார்.

நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே செலவழிக்கப் பிரியமில்லாதவர் போல.